அவனை மேதையாக்காதீர்கள்

தொடர் கொலை வழக்குகளை ஒலியிலும் காணொளியிலும் சொல்லிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொடர்களை ஒன்று விடாமல் கேட்கிறவன் நான். அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன். 'யார்க்‌ஷயர் ரிப்பர்' பீட்டர் சட்கிளிஃப் வழக்கை எடுத்தால் போதும், போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிய மகா தந்திரசாலி என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அப்படி என்ன தந்திரம் செய்தான் அவன்?

1975க்கும் 1980க்கும் இடையே இங்கிலாந்தின் வடபகுதியில் 13 பெண்களைக் கொன்ற லாரி டிரைவர். எங்கும் ஓடி ஒளியவில்லை. போலீஸ் அவனை ஒன்பது முறை விசாரித்தது, ஒன்பது முறையும் விட்டுவிட்டது. மான்செஸ்டரில் 1977இல் கொல்லப்பட்ட பெண்ணின் கைப்பையில் ஒரு புது ஐந்து பவுண்டு நோட்டு கிடைத்தது. அது எந்தெந்தக் கம்பெனிகளின் சம்பளக் கவரில் போயிருக்கலாம் என்று துருவி, அவன் வேலை பார்த்த கம்பெனி வரை வந்தார்கள். அவனிடமே பேசினார்கள். வீட்டில் இருந்தேன் என்றான். சரி என்று போய்விட்டார்கள்.

காரணம் அவனுடைய மூளை அல்ல, லீட்ஸ் காவல் நிலையத்தில் மலையாகக் குவிந்த விசாரணை அட்டைகள். கணினி கிடையாது. ஒரே ஆளைப் பற்றிய அட்டைகள் ஒன்றோடொன்று சேரவேயில்லை. அவன் வீட்டுக் கதவைத் தட்டிய போலீஸ்காரருக்கு, முன்னால் வந்துபோனவர் என்ன எழுதினார் என்று தெரியாது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. 1975இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தாக்கப்பட்டுப் பிழைத்தாள். அவள் சொன்ன அடையாளத்தை வைத்து உருவாக்கிய முகம் சட்கிளிஃபை அப்படியே ஒத்திருந்தது. ஆனால் பாலியல் தொழிலாளிகளைத்தான் இவன் கொல்கிறான் என்று போலீஸ் ஒரு கணக்குப் போட்டிருந்தது. அதில் அவள் அடங்காததால் அந்த முகத்தை ஒதுக்கிவிட்டார்கள். தாக்கியவனுக்குத் தாடி இருந்தது என்று பிழைத்த மற்றப் பெண்கள் சொன்னதற்கும் அதே கதிதான்.

1979இல் கொலைகாரனே பேசுவதுபோல 'நான்தான் ஜாக்' என்று போலீஸுக்கு ஒரு ஒலிநாடா வந்ததே, அதை மட்டும் முழுசாக நம்பினார்கள். அதில் இருந்தது சண்டர்லாந்து ஊர்க்காரர்களின் பேச்சுவழக்கு. அந்தப் பேச்சுவழக்கில் பேசாதவன் சந்தேகத்திலிருந்து நழுவினான், சட்கிளிஃப் உட்பட. அனுப்பியவன் ஜான் ஹம்பிள் என்ற போலி. கவரை ஒட்டத் தடவிய எச்சிலின் டிஎன்ஏவால் சிக்கி, 2006இல் எட்டு ஆண்டு தண்டனை பெற்றான்.

கடைசியில் பிடிபட்டதும் பெரிய துப்பறிதலால் அல்ல. 1981 ஜனவரி 2, ஷெஃபீல்டில் ரோந்து போன இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்த ஒரு காரின் நம்பர் பிளேட்டைச் சரிபார்த்தார்கள். போலி. உள்ளே இருந்த சட்கிளிஃபை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் சிறுநீர் கழிக்க அவன் ஒதுங்கிய இடம் மறுநாள் அவர்களில் ஒருவருக்கு நெருட, திரும்பிப் போய்த் தேடினார். அங்கே சுத்தியலும் கத்தியும் கிடந்தன. முழு வழக்கிலும் எனக்குப் பிடித்த வேலை இதுதான், ஆனால் உங்கள் தொடர்களில் இதற்கு அரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

2020இல் சட்கிளிஃப் செத்த பிறகு, கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி அன்று பேசிய விதத்துக்காக மேற்கு யார்க்‌ஷயர் போலீஸே மன்னிப்புக் கேட்டது. நீங்கள் இன்னும் அந்த ஒலிநாடாவைத்தான் முன்னோட்டத்தில் போடுகிறீர்கள், திகில் இசை வேறு. அடுத்த முறை அதை எடுத்துவிட்டு, அந்தச் சிறுமி சொன்ன அடையாளத்திலிருந்து தொடங்குங்கள். அவள் பெயர்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவன்