மேவ் பின்ச்சி: ஒரு நாவலில் வந்த புகழ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்து எழுத்தாளர் மேவ் பின்ச்சியைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 1982இல் வெளியான 'லைட் எ பென்னி கேண்டில்' நாவலால் அவர் ஒரே நாளில் பிரபலமானார் என்கிறது. அதை ஐந்து பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகுதான் பேப்பர்பேக் உரிமை 52,000 பவுண்டுக்குப் போனது. அதற்கும் முந்தைய இருபது ஆண்டுகளைக் கட்டுரை தொடவே இல்லை.

டப்ளினை ஒட்டிய டால்கியைச் சேர்ந்த பின்ச்சி, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1963இல் இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுப் பண்ணையிலிருந்து வீட்டுக்கு அவர் எழுதிய கடிதத்தை அப்பா 'ஐரிஷ் இண்டிபெண்டன்ட்' நாளிதழுக்கு அனுப்ப, 18 பவுண்டு சன்மானம் வந்தது. 1968இல் 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் பெண்கள் பகுதி ஆசிரியரானார். பிறகு அதே நாளிதழுக்காக லண்டன் போனார். 'சென்ட்ரல் லைன்' (1978), 'விக்டோரியா லைன்' (1980) தொகுப்புகளில் ஒவ்வொரு கதைக்கும் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் பெயர். நிலையத்துக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு சிக்கல்.

இந்த அமைப்பு முழுசாகக் கைகூடியது 'தி லைலாக் பஸ்' (1984) நூலில். வெள்ளிதோறும் டப்ளினிலிருந்து ராத்தூன் என்ற ஊருக்குப் போகும் மினி பஸ். ஓட்டுநரோடு எட்டுப் பேர், ஆளுக்கு ஓர் அத்தியாயம். முதலில் வரும் நான்சி தன்னைச் சிக்கனக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊர் அவளை வடிகட்டிய கஞ்சம் என்கிறது. ஒருத்தி அத்தியாயத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பவன் அடுத்ததில் நடுவுக்கு வருகிறான். அதனால் பெயர்கள் குழம்புவதில்லை. இந்தப் பாணியில் எழுத முயல்பவர்கள் சறுக்குவது இங்கேதான்: முதல் பத்துப் பக்கத்திலேயே எட்டுப் பேரையும் குலம் கோத்திரத்தோடு இறக்கிவிடுகிறார்கள். வாசகர் பின்னால் புரட்டிப் புரட்டியே அலுத்துப்போகிறார்.

இன்னொரு திருத்தம். 'சர்க்கிள் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்' (1990) நாவலின் முடிவில் நாயகி பென்னியும் அவள் காதலன் ஜாக்கும் சேர்ந்துவிடுவதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது 1995இல் வந்த படத்தின் முடிவு. நாவலில் ஜாக் திரும்பி வந்தாலும் பென்னி அவனை ஏற்பதில்லை. உடல் பருமனான அந்தப் பெண்ணைக் கடைசிவரை இளைக்கவைக்கவும் இல்லை, பின்ச்சி! குடும்பக் கதை என்று ஒரே வரியில் ஒதுக்குமுன் இதையாவது கவனித்திருக்கலாம்.

2000இல் ஓய்வை அறிவித்தபின்பும் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். 2012 ஜூலை 30இல் மறைந்தார். 'எ வீக் இன் விண்டர்' அதன்பின் அதே ஆண்டில் வெளியானது. புதிதாகப் படிப்பவர்கள் தடித்த நாவல்களில் தொடங்க வேண்டாம். முதலில் 'லைலாக் பஸ்', அடுத்து 'ஈவ்னிங் கிளாஸ்' (1996). பிறகு 'சர்க்கிள் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்'. படத்தைப் பார்ப்பதென்றால் அதற்கப்புறம்.

– ஒரு வாசகர், மதுரை