மாப்பிள்ளையைக் கேட்காமல் போக ஒரு பஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் படும் பாட்டைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் உள்ளது பாதிக்கு மேல் நிஜம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் பெற்றோரின் தனிமைக்கு, கார் இல்லாமல் நகர முடியாத புறநகர் மேலேயே எழுதியவர் எல்லாப் பழியையும் போட்டுவிட்டார். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

நான் மேரிலாந்தில், மாண்ட்கமரி கவுண்டியில் உள்ள ஜெர்மன்டவுனில் 19 வருடமாக இருக்கிறேன். வாஷிங்டன் சுமார் 25 மைல். வேலை ராக்வில் பக்கம் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில். பெதஸ்தாவில் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனம், ஒயிட் ஓக்கில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை என்று மத்திய அரசு அலுவலகங்கள் இருப்பதால், 270 நெடுஞ்சாலையை ஒட்டி எங்களைப் போன்ற கம்பெனிகள் வரிசையாக இருக்கின்றன. 2025-இல் அரசு ஆட்குறைப்பு வந்தபோது எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் வேலை போனது. அது வேறு கதை.

கட்டுரையாளர் கவுண்டியை ‘மாவட்டம்’ என்று எழுதியிருக்கிறார். மாவட்டம் என்றதும் நம் ஆட்களுக்குக் கலெக்டர் ஞாபகம்தான் வரும். இங்கே கலெக்டர் கிடையாது. பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கும் இந்தக் கவுண்டியை நடத்துவது, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு நிர்வாகியும் 11 பேர் கொண்ட மன்றமும்தான். ஜெர்மன்டவுனுக்கு என்று தனி நகராட்சியே இல்லை. நூலகம், பஸ், எந்த நிலத்தில் எத்தனை வீடு என்பது வரைக்கும் கவுண்டிதான். மாவட்டத்தையும் மாநகராட்சியையும் ஒன்றியத்தையும் ஒரே பையில் போட்டுக் கட்டினால் எப்படியோ, அப்படி. இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் அம்மா.

அம்மாவுக்கு 71. தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசம் பக்கத்துக் கிராமம். அப்பா போன பிறகு முதல் முறையாக 2025 மே மாதம் வந்தார். முதல் மூன்று வாரம் சன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தார். தெருவில் மனித நடமாட்டம் இல்லை. நாய் கூட கயிற்றோடுதான் வருகிறது. “எங்கேயாவது போகணுமாம்மா?” என்று கேட்டால், “ஒண்ணும் வேண்டாம்டி” என்பார். கடைக்குப் போக வேண்டும் என்றால் கூட, நான் வேலை முடிந்து வரும் வரை காத்திருப்பார். என் கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். கார் வாசலில்தான் நிற்கும். ஆனாலும் அம்மா அவரிடம் வாய் திறக்க மாட்டார். மாப்பிள்ளையைப் போய் ‘என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்’ என்று கேட்பதா? அது அவர் வளர்ந்த முறையில் கிடையாது. தனிமை என்று கட்டுரையாளர் சொல்வது, எங்கள் வீட்டில் கேட்க முடியாத இந்த ஒரு வாக்கியமாகத்தான் இருந்தது.

எங்கள் தெரு முனையிலேயே கவுண்டி பஸ் நிற்கிறது. 1975-இலிருந்து ஓடுகிற ‘ரைட் ஆன்’ பஸ். 19 வருடத்தில் நான் ஒரு முறை கூட ஏறியதில்லை. வெட்கக்கேடுதான். கண்டுபிடித்ததே அம்மா. சன்னலில் உட்கார்ந்து, அது எப்போது வருகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணக்கெடுத்து வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் நின்றோம். நிழற்குடை இல்லை, பெஞ்சு இல்லை. புல்லுக்கு நடுவில் ஒரு கம்பம், அதில் ஒரு தகடு. பஸ் வந்து நின்றதும் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு படிப்பக்கம் சாய்ந்து தாழ்ந்தது. அம்மா ஒரு அடி பின்னால் போய்விட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, “கும்பேஸ்வரன் கோயில் யானை மண்டி போடுற மாதிரியில்ல இருக்கு” என்றபடி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

அன்றைக்குக் கட்டணம் ஆளுக்கு ஒரு டாலர். பெட்டியில் நோட்டைப் போட்டதும் மனக்கணக்குப் போட்டு, “எண்பத்தஞ்சு ரூபாய்டி!” என்று காதருகில் சொன்னார். ஊரில் டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் காசே இல்லையே, அந்தக் கோபம். வயதானவர்களுக்கு இங்கேயும் சலுகை இருந்தது. அதற்கு வேண்டிய அட்டையை வாங்க எனக்குத்தான் பொறுமை இல்லை. அதிர்ஷ்டம், ஜூன் 29 முதல் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். காசுப் பெட்டிகள் எல்லாம் பழசாகிவிட்டன, புதிதாக மாற்றுவதற்குப் பல மில்லியன் டாலர் ஆகும் என்பதும் ஒரு காரணம். செய்தியைச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: “ஆம்பளைக்குமா?”

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. காலை பத்து மணிக்குக் கிளம்பி ஜெர்மன்டவுன் நூலகம். அங்கே தன் மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு சீனத்துப் பாட்டியோடு சிநேகம். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அவர் பின்னல் ஊசியைக் கொடுத்தார், அம்மா பூத்தொடுக்கும் முடிச்சை நூலில் போட்டுக் காட்டினார். ஒரு நாள் ஞாயிறு அட்டவணைக்குப் பதிலாக சனி அட்டவணையைப் பார்த்துவிட்டு வெயிலில் ஒரு மணி நேரம் நின்றார். தப்பு எங்களுடையதுதான். பதறிப்போய்க் காரில் போனால், “எதுக்கு வந்தே? இன்னும் பத்து நிமிஷத்துல வந்துரும்” என்று என்னைத்தான் திட்டினார். (மாடித் தளத்தில் புடவை காயப்போட்டதற்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதத்துக்கும் அவர் இவ்வளவுதான் அசைந்தார்.)

இன்னொன்று. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் காரில் போனால் சட்டென்று கட்டடங்கள் நின்றுபோய் சோளக்காடும் சோயாவும் வந்துவிடும். ஆகஸ்ட் மாதம் சோளம் வாங்கப் போனபோது அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னார். “இவ்வளவு பக்கத்துல நிலம் கிடக்கு, ஏன் யாரும் பிளாட் போடலை?”

போட விடவில்லை என்பதுதான் பதில். 1980-இல் இந்தக் கவுண்டி 93,000 ஏக்கரை, அதாவது தன் பரப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை, விவசாயத்துக்கு ஒதுக்கியது. அதுவரை ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம் என்றிருந்ததை 25 ஏக்கருக்கு ஒன்று என்று குறைத்தார்கள். விவசாயி சும்மா இருப்பாரா? அதனால் அவர் இழந்த கட்டும் உரிமையை, ஐந்து ஏக்கருக்கு ஒன்று வீதம், நகரப் பகுதியில் அடுக்கடுக்காகக் கட்டுகிற பில்டருக்கு விற்றுக்கொள்ளலாம் என்று வழி செய்தார்கள். நிலம் அவரிடமே இருக்கும், பணமும் கைக்கு வரும். அம்மா விரலை மடக்கி, எங்கள் பக்கத்து நில அளவில் ஏக்கரை ‘மா’ ஆக்கி, மாவை ‘வேலி’ ஆக்கி, “நாலு வேலிக்கு ஒரு வீடா!” என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. எங்கள் ஊரில் அப்பா குறுவை நட்ட வயலுக்கு மேற்கே மூன்று வருடமாக, பிளாட் போடுவதற்கான மஞ்சள் கல் நட்டிருக்கிறது. 2020-இல் வந்த டெல்டா வேளாண் மண்டலச் சட்டம் புதிதாக மீத்தேன், ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டங்களைத் தடுத்தது, நல்லதுதான். மஞ்சள் கல்லைத் தடுக்கவில்லை.

இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. நிலத்தை இப்படிக் கட்டிப் போட்டதால்தான் வீட்டு விலை ஏறுகிறது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எங்கள் வரிசை வீட்டின் கடனைக் கட்டும் ஒவ்வொரு மாதமும் நானும் அந்தக் கட்சிதான். கார் இல்லாமல் இங்கே முழு வாழ்க்கையும் நடத்த முடியாது. ஆனால் அந்த பஸ்ஸும் அந்தச் சோளக்காடும் தானாக வந்தவை இல்லை. ஒரு மன்றம் உட்கார்ந்து பேசி, கையைத் தூக்கி முடிவு செய்தவை. கட்டுரையாளர் அடுத்த முறை பெற்றோரைப் பேட்டி எடுத்தால், மகன் எத்தனை மைல் தள்ளி வேலைக்குப் போகிறான் என்பதோடு, வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் எத்தனை அடி என்றும் கேட்கட்டும்.

அம்மா அக்டோபரில் ஊருக்குப் போய்விட்டார். போன வாரம் கும்பகோணம் டவுன் பஸ்ஸிலிருந்தே போன் செய்தார். ஒரே இரைச்சல், பாதி காதில் விழவில்லை. சீனத்துப் பாட்டி இன்னும் இருக்கிறாரா என்று நூலகத்தில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். காரில் போகக் கூடாதாம், பஸ்ஸில்தான் போக வேண்டுமாம்.

தங்கள் வாசகி,
ஜெர்மன்டவுன், மேரிலாந்து

(பெயர் போட வேண்டாம். குடியிருப்போர் சங்கத்திலும் உங்கள் இதழைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.)