மாவரைத்தவளுக்கும் ஒரு பத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்கப் புராணக் கதைகளைப் பெண்களின் பார்வையிலிருந்து மறுபடி சொல்லும் இக்கால நாவல்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இருமுறை வாசித்தேன். நம் இதழ்களில் அரிதாகவே பேசப்படும் பொருள் என்பதால் மகிழ்ச்சி. ஆயினும் அதில் ஒரு பிழையும், எனக்கு உடன்பாடில்லாத ஒரு கருத்தும் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியட்டில், போரில் சிறைப்பட்ட பிரிசேயிஸ் என்ற பெண் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்கிறார் கட்டுரையாளர். பேசுகிறாள். கிரேக்க வீரன் அக்கிலீசும் படைத்தலைவன் அகமெம்னானும் உரிமை கொண்டாடும் போர்க்கொள்ளைப் பொருளாகவே அவள் கைமாறுகிறாள் என்பது உண்மைதான். ஆனால் பத்தொன்பதாம் காண்டத்தில், அக்கிலீசின் உயிர்த்தோழன் பத்ரோக்ளஸின் உடலைக் கண்டதும் அதன்மேல் விழுந்து அவள் வைக்கும் ஒப்பாரியை எப்படி மறந்தார் என்று தெரியவில்லை. தன் கணவன் ஊருக்கு முன்னால் வெட்டுண்டு கிடந்ததையும், ஒரே தாய் வயிற்றில் தன்னோடு பிறந்த மூன்று சகோதரர்கள் மாண்டதையும், அப்போது பத்ரோக்ளஸ் தன்னை அழவிடாமல் தேற்றியதையும் சொல்லிச் சொல்லி அழுகிறாள். சுற்றி நின்ற பெண்களும் உடன் அழுதார்கள் என்னும் ஹோமர், பத்ரோக்ளஸைச் சாக்கிட்டு அவரவர் தத்தம் துயரத்துக்கே அழுதார்கள் என்று ஒரு வரி சேர்க்கிறார். இழவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்த்த எவருக்கும் அந்த வரிக்கு உரை வேண்டியதில்லை.

எனவே இப்பெண்களுக்கு முதன்முதலில் குரல் தந்தவர்கள் இன்றைய நாவலாசிரியர்களே என்பதும் பொருந்தாது. கி.மு. 415-இல் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் 'டிராய் நகரப் பெண்கள்' நாடகத்தை ஏதென்சில் மேடையேற்றிவிட்டார். ரோமானியக் கவிஞர் ஓவிட், ஒடிசியஸ் மன்னனின் மனைவி பெனலோப்பியும் பிரிசேயிசும் தாங்களே எழுதுவதாகக் கடிதக் கவிதைகள் புனைந்திருக்கிறார்.

என் கருத்து வேறுபாடு இதைவிட முக்கியமானது. 'கவனிக்கப்படாத பெண்கள்' என்று கட்டுரை வரிசைப்படுத்தும் பெனலோப்பி, கிளைட்டெம்னெஸ்ட்ரா, சர்சி ஆகிய மூவரில் இருவர் அரசியர், ஒருத்தி தெய்வ மகள். ஒடிசியஸ் போரிலிருந்து வீடு திரும்பும் கதையான ஹோமரின் ஒடிசியில், இருபதாம் காண்டத்தில் பெயரே இல்லாத ஒருத்தி இருக்கிறாள். கணவன் திரும்பாததால் பெனலோப்பியை மணக்க வந்த 108 பேர் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மாளிகையில் உண்டு களிக்க, பன்னிரண்டு பெண்கள் வாற்கோதுமையும் கோதுமையும் அரைத்து மாவாக்குகிறார்கள். பதினொருவர் தங்கள் பங்கை முடித்துத் தூங்கிவிட்டார்கள். எல்லோரிலும் வலுக்குறைந்த ஒருத்தி மட்டும் விடியும்வரை அரைத்துக்கொண்டிருக்கிறாள். மேகமில்லாத வானில் இடி முழங்கவும் கல்லை நிறுத்திவிட்டு, "மாவரைக்க வைத்து என் முழங்கால்களை இற்றுப்போகச் செய்தவர்களுக்கு இதுவே கடைசி விருந்தாகட்டும்" என்று தலைமைக் கடவுள் சியூஸிடம் வேண்டுகிறாள். மாறுவேடத்தில் வீடு திரும்பியிருந்த ஒடிசியஸ் அதைக் கேட்டு, தனக்கு நற்சகுனம் கிடைத்ததென மகிழ்கிறான். அவ்வளவுதான், கதை அவனோடு போய்விடுகிறது. என் பாட்டியின் திரிகையை ஒருமுறை கால்மணி நேரம் சுற்றிப் பார்த்து, மறுநாள் தோளைத் தூக்க முடியாமல் கிடந்தவள் நான். அவளுடைய வேண்டுதல் பலித்த பிறகும் மறுநாள் மாளிகைக்கு மாவு வேண்டியிருந்திருக்குமே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இருபத்திரண்டாம் காண்டத்தில், மணம் நாடி வந்தவர்களை ஒடிசியஸ் கொன்றபின், அவர்களோடு உறவு கொண்ட பன்னிரண்டு பணிப்பெண்கள், அந்தப் பிணங்களைச் சுமந்து வெளியேற்றி, மேசை நாற்காலிகளை நீரும் கடற்பஞ்சும் கொண்டு கழுவிய பிறகு, கப்பல் கயிற்றில் தூக்கிலிடப்படுகிறார்கள். வலையில் சிக்கிய புறாக்களைப் போலச் சிறிது நேரம் கால்கள் துடித்தன, நெடுநேரமல்ல என்கிறது பாடல். அவர்களைக் குறிக்கக் கிரேக்க மூலம் அங்கே பெண்பாற் சுட்டுச்சொல் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் சிலர் அந்த இடத்தில் வேசி என்ற பொருள்தரும் வசைச்சொல்லை இட்டார்கள். 2017-இல் ஒடிசியை ஆங்கிலத்தில் வெளியிட்ட எமிலி வில்சன் வசையை நீக்கி, 'இந்தப் பெண்கள்' என்ற பொருளில் எழுதினார். ஆங்கிலம் வழியாகவே ஹோமரை அறியும் நம்மில் பலர் அந்த வசையையும் மூலமென்றே நம்பியிருப்போம்.

கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 2005-இல் எழுதிய 'பெனலோப்பியாட்' தூக்கிலிடப்பட்ட அந்தப் பன்னிருவரையும் கூட்டுக்குரலில் பேசவைத்தது. கட்டுரையாளர் அந்நாவலைப் பாராட்டியும், பெனலோப்பியோடு நின்றுவிட்டார்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் இதழில் இடம்பெறும் என்று அறிவித்திருக்கிறீர்கள். பிரிசேயிஸ் பற்றிய திருத்தத்தை அதில் சேர்ப்பதோடு, அந்த மாவரைத்தவளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கும்படி கட்டுரையாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருநெல்வேலி