நகல் எடுத்ததும் வெளியீடுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவை வெளியீட்டை நாடாத எழுத்துகள் என்ற ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அச்சகத்துக்குப் போனால்தான் வெளியீடா?

பிரிட்டிஷ் தூதரின் மனைவியாக 1717-இல் துருக்கியில் இருந்தவர் மேரி வோர்ட்லி மாண்டேகு. பெரியம்மைக்குத் தம்பியைப் பறிகொடுத்தவர். தாமும் அந்நோயில் கண்ணிமை மயிரை இழந்தவர். அங்கே கிழவிகள் கொட்டை ஓட்டில் அம்மைச் சீழைக் கொண்டுவந்து, நோய் கடுமையாக வராமல் தடுக்க ஊசியால் குத்தி ஏற்றியதைத் தோழி சாரா சிஸ்வெல்லுக்கு விரிவாக எழுதினார். மகனுக்கு 1718-இல் துருக்கியிலேயே அம்மை குத்தவைத்தார். மகளுக்கு 1721-இல் லண்டனில். கடிதத்தைப் பெற்ற சாரா 1726-இல் பெரியம்மையிலேயே இறந்தார் என்பதை என்னால் வருத்தமின்றி நினைக்க முடிவதில்லை.

அந்தப் பயணக் கடிதங்களை மேரி திருத்தி, 52 கடிதங்களாக இரண்டு ஏடுகளில் ஒழுங்குபடுத்தி வைத்தார். நண்பர்கள் வாங்கிப் படித்தார்கள். எழுத்தாளர் மேரி ஆஸ்டெல் 1724-இல் அந்த ஏட்டிலேயே ஒரு முன்னுரை எழுதினார். முன்னுரையும் வாசகர்களும் வாய்த்த பிறகு ஒரு நூலுக்கு வேறென்ன குறை? உயர்குடிப் பெண் அச்சில் பெயர் போடுவது இழுக்கு எனக் கருதப்பட்ட காலம் அது. (என் பாட்டியின் கடிதங்களை எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் உரக்கப் படிப்பார்கள், அது தெரிந்துதான் அவரும் எழுதினார்.)

பிற்காலத்தில் பல ஆண்டுகள் வெளிநாட்டில் வாழ்ந்துவிட்டு நாடு திரும்பும் வழியில், 1761-இல், ராட்டர்டாமில் ஒரு பாதிரியாரிடம் ஏடுகளை ஒப்படைத்தார் மேரி. மறு ஆண்டு மறைந்தார். குடும்பத்தார் ஏடுகளை மீட்டுக்கொண்டபோதும், அதற்குள் கைமாறியிருந்த ஒரு நகலிலிருந்து 1763-இல் நூல் வெளிவந்துவிட்டது.

மேரியின் நாட்குறிப்புக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. லண்டனில் அம்மை குத்தப்பட்ட அதே மகள்தான், பிற்காலத்தில் பியூட் சீமாட்டியாகி, தாயின் நாட்குறிப்பைப் பூட்டிவைத்திருந்தார். சில பகுதிகளைத் தம் பெண்களுக்குப் படித்துக் காட்டுவார், கையில் தரமாட்டார். இளைய மகள் லூயிசாவுக்கு மட்டும் முதல் ஐந்தாறு நோட்டுகளைத் தனியே படிக்க அனுமதி கிடைத்தது. ஒரு வரியையும் நகல் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. நகல் எடுத்தால் என்ன ஆகும் என்பதைப் பியூட் சீமாட்டி 1763-லேயே பார்த்திருந்தார். இறப்பதற்குச் சற்று முன், 1794-இல், எல்லா நோட்டுகளையும் எரித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை