பால் குடிக்கப் பழகும் நாட்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தையை அரசு மருத்துவமனை டாக்டர்கள் போராடிக் காப்பாற்றினார்கள் என்று உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. தாயின் கையில் குழந்தை, சுற்றிலும் டாக்டர்கள், கீழே இரண்டு எண்கள்: பிறந்தபோது இத்தனை கிராம், வீட்டுக்குப் போகும்போது இத்தனை கிராம். படித்ததும் மனம் நிறைந்துவிடும். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் வாரக்கணக்கில் நடந்தது எந்தச் செய்தியிலும் இல்லையே என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு. மூச்சுக்கருவியை எடுத்த பிறகு, தொற்று அடங்கிய பிறகு, அந்தக் குழந்தை வாயால் பால் குடிக்கப் பழகிய நாட்கள் அவை. வீட்டுக்கு எப்போது போகலாம் என்பதைப் பெரும்பாலும் அந்தப் பழக்கம்தான் முடிவு செய்கிறது.

பிறந்த குழந்தைக்குப் பால் குடிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்று பலரும் கேட்கிறார்கள். நிறைமாதக் குழந்தைக்குத் தேவையில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போட்டால் தானே தேடி வாய் வைக்கும். கர்ப்பத்தின் 28-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தையின் கதை வேறு. அதற்கும் சப்பத் தெரியும். சுத்தமான விரலை வாயருகே வைத்தால் சப்பும். விழுங்கவும் தெரியும், கருவில் பனிக்குட நீரை விழுங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடுவதுதான் அதற்கு இன்னும் கைவரவில்லை. சப்பி, விழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி சப்பும் அந்த ஒழுங்கு, கர்ப்பக் கணக்கைத் தொடர்ந்து எண்ணினால், 32 முதல் 34 வாரங்களில்தான் கூடிவரத் தொடங்குகிறது. முழுக்கச் சீராக 36, 37 வாரம் ஆகிவிடும். சில குழந்தைகளுக்கு அதையும் தாண்டும்.

பாலும் காற்றும் தொண்டையில் ஒரே சந்திப்பைக் கடந்துதான் போகின்றன. நமக்குப் புரை ஏறினால் இருமி வெளியே தள்ளுகிறோம். குறைமாதக் குழந்தை பெரும்பாலும் இருமாது, மூச்சை நிறுத்திவிடும். உதட்டைச் சுற்றி நீலம் படரும், மானிட்டரில் இதயத்துடிப்பு சரசரவென்று இறங்கும். மானிட்டர் இல்லாத வீட்டில், மங்கலான வெளிச்சத்தில், 'குடித்துக்கொண்டே தூங்கிவிட்டது' என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். என் பணிக்காலம் முழுவதும் நான் தாய்மாருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இது ஒன்றைத்தான்.

முதலில் குழாய் வழியாகப் பால். வாய் அல்லது மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி, பாலை ஊற்றி, அது தானாக இறங்கும்வரை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். அழுத்தித் தள்ளக் கூடாது. 1,200 கிராம் குழந்தைக்கு முழு அளவு என்பது ஒரு நாளைக்குச் சுமார் 180 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் வேளைக்கு 15 மில்லி, அதாவது ஒரு மேசைக்கரண்டி. அந்த ஒரு கரண்டிப் பாலுக்காகத் தாய் இரவிலும் எழுந்து பீய்ச்சித் தருகிறாள். முதல் சில நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைப் பஞ்சில் தொட்டுக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவுவோம். வாய் என்பது குழாயும் பிளாஸ்திரியும் ஒட்டுகிற இடம் மட்டுமில்லை என்று அந்தக் குழந்தைக்கு முதன்முதலில் தெரிவது அப்போதுதான்.

அடுத்தது தாயின் நெஞ்சோடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத ஒரு மருத்துவமனையில், 1978-இல் டாக்டர் எட்கர் ரே தொடங்கிவைத்த முறை இது. இயன்றவரை பிறந்ததிலிருந்தே, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம்வரை இப்படி வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2022-இல் பரிந்துரைத்தது. குழந்தையின் உடல் சூடு காக்கப்படுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பால் குடிக்கப் பழகுவதற்கும் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. தாயின் வாசனை மூக்கில் படுகிறது. கையை வாய்க்குக் கொண்டுபோகிறது. தலையைத் திருப்பித் தேடுகிறது. தாய்க்கும் பால் பெருகுகிறது. பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்ட மார்பில் வாய் வைக்கவிட்டால், புரை ஏறும் பயம் அதிகம் இல்லாமல் சப்பிப் பழகும். அந்த நேரத்திலேயே குழாயில் பால் இறங்கினால் சப்புவதும் வயிறு நிறைவதும் அதற்கு ஒன்றாகச் சேரும்.

பிறகுதான் பாலாடை. நம் வீடுகளில் சங்கு, பாலாடை என்று தலைமுறை தலைமுறையாக இருந்த பாத்திரம் இன்று நாட்டின் பல மருத்துவமனைகளில் இந்தக் குழந்தைகளுக்குப் பயன்படுகிறது. அதைப் பிடிப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. குழந்தையைப் படுக்கவைத்து ஊற்றக் கூடாது. பாதி நிமிர்த்தி, கழுத்தையும் பிடரியையும் உள்ளங்கையில் தாங்கி, பாலாடையின் மூக்கை வாயின் ஓரத்தில், கீழுதட்டின் மேல் வைக்க வேண்டும். பால் உதட்டைத் தொட்டதும் கையை நிறுத்திவிட வேண்டும். குழந்தை நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும். விழுங்கும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு மூச்சு. அந்த மூச்சைப் பார்த்த பிறகுதான் அடுத்த துளி. 15 மில்லிக்கு அரை மணி நேரம் ஆகலாம். எட்டுக் குழந்தைகளை ஒருத்தியாகப் பார்க்கும் செவிலியருக்கு அந்த அரை மணி நேரம் எங்கிருந்து வரும்? அவசரத்தில் ஊற்றிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆள் போடாத நிர்வாகத்தைத்தான் சொல்வேன்.

போதும் என்று சொல்லக் குழந்தைக்கு அழுகை மட்டுமா இருக்கிறது? விரல்கள் விசிறிபோல் விரியும். புருவம் சுருங்கும். கொட்டாவி, விக்கல், தும்மல் வரும். கடைவாயில் பால் வழியும். முகத்தைத் திருப்பும். மூக்குத் துவாரம் விடைக்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்தி, நிமிர்த்தி, மூச்சுக்கு நேரம் தர வேண்டும். மீதிப் பாலைக் குழாயில் கொடுத்துக்கொள்ளலாம், அதில் ஒரு தோல்வியும் இல்லை. ஒரு முறை மருமகளுக்குக் காய்ச்சல் என்று பேத்தியைக் கவனிக்க வந்த ஓர் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இளம் செவிலியர் ஒருவர் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "சிஸ்டர், கொஞ்சம் பொறுங்கள், பிள்ளை கையை விரிக்கிறாள்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். மூன்று நாள் உன்னிப்பாகப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பேத்திக்குக் கடைசிவரை அவர் மடியில்தான் புரை ஏறாமல் பால் இறங்கியது. கூடவே இருந்து பார்க்க விட்டால் குடும்பத்தாரால் இதைக் கற்க முடியும்.

நம் மருத்துவமனைகள் பலவற்றில் அப்படி இருக்க விடுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். குழந்தை ஒரு மாடியில், பச்சை உடம்புக்காரி வேறொரு மாடியில். அறுவை சிகிச்சைத் தையலோடு படியேறி வந்து, பார்வை நேரம் முடிந்தது என்று வாசலிலேயே பால் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். சாய்ந்து உட்கார நாற்காலி கிடையாது. முதுகு இல்லாத ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை மணி நேரம் குழந்தையை நெஞ்சில் வைத்திருப்பாள்? தொற்று வந்துவிடும் என்று தாயை வெளியே நிறுத்துகிறார்கள். கையை முழங்கைவரை சோப்பால் கழுவி வரும் தாய், அந்த அறையில் நடமாடும் மற்றவர்களைவிட எந்த வகையில் ஆபத்து?

இன்னொரு தொல்லை கிராம் கணக்கு. காலையில் எடை பார்க்கும் நேரம் வந்தால் தாயின் முகம் வெளிறிவிடும். "எத்தனை ஏறியது?" என்று ஊரிலிருந்து போன் வரும். பத்து கிராம் குறைந்தால் அன்று முழுவதும் அழுகை. அடுத்த வேளையில் குழந்தை முகத்தைத் திருப்பினாலும் "இன்னும் ஐந்து மில்லிதான், குடித்துவிடு கண்ணு" என்று வாயைத் திறந்து ஊற்றத் தோன்றும். எடை முக்கியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் திணித்துப் பழக்கப்பட்ட குழந்தை சில மாதம் கழித்துக் கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பசித்தாலும் வேண்டாம் என்கிறது. அந்தப் பயத்தைப் போக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கிறது.

குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை இது. இதயத்தில் கோளாறோடு பிறந்த குழந்தைக்குப் பால் குடிப்பது நாம் மாடிப்படி ஏறுவதுபோல. நாலு வாய் குடித்ததும் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும், களைத்து விட்டுவிடும். 'சோம்பேறிப் பிள்ளை' என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். பால் குடிக்கும்போது வியர்க்கிற குழந்தையை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். அன்னப்பிளவோடு பிறந்த குழந்தை எவ்வளவு முயன்றாலும் வாய்க்குள் காற்றை அடைத்து உறிஞ்ச முடியாது. நிமிர்த்திப் பிடித்து, பாலை மெல்ல உள்ளே விட்டு உதவ வேண்டும். பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு விழுங்குவதே தடுமாற்றம். ஒவ்வொருவருக்கும் வழி வேறு. அந்த வழியைக் கண்டு சொல்ல அதற்கென்றே பயின்ற ஒருவர் வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு வேறு ஆபத்துகள். பெரியவர் கையால் சேனை வைப்பது, கழுதைப்பால், கிரைப் வாட்டர், வசம்பு, தேன் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். அன்பினால் செய்வதுதான். இந்தக் குழந்தையின் குடலும் தொண்டையும் அதைத் தாங்காது என்று மருத்துவமனையிலேயே, தாயிடம் மட்டுமின்றிப் பாட்டிமாரிடமும் உட்கார்ந்து பேசி அனுப்ப வேண்டும். பாட்டில் விஷயமும் அப்படித்தான். குழந்தை சப்புவதை நிறுத்தினாலும் பல பாட்டில்களில் பால் சொட்டிக்கொண்டே இருக்கும். மூச்சு விடுவதற்கு இடைவெளி கிடைக்காது. பாட்டிலுக்கும் பால்மாவுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மருத்துவமனைக்கு எதிரே உள்ள கடைகளில் அவை சரம் சரமாகத் தொங்குகின்றன. சில குழந்தைகளுக்குப் பாட்டில் தவிர்க்க முடியாததாகலாம். அப்போதும் எந்த நிப்பிள், எப்படிப் பிடிப்பது, எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும், கடைக்காரர் அல்ல.

ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. இன்று நம் மாநில அரசு மருத்துவமனைகளிலும் தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. குழந்தைக்குச் சூடு தரும் வார்மர் இருக்கிறது, மானிட்டர் இருக்கிறது, அவசரப் பிரசவத்தையும் பச்சிளங்குழந்தைகளையும் கவனிக்கும் சீமாங் மையங்கள் இருக்கின்றன. இவ்வளவு செய்த அரசிடம் மேலும் கேட்பதில் எனக்குத் தயக்கமில்லை. தேசியச் சிறார் நலத்திட்டம் 2013-இல் வந்தபோது குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சை தர மாவட்டந்தோறும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் என்று வகுத்தார்கள். அதில் பேச்சுப் பயிற்சியாளருக்கும் இடம் உண்டு. பேச்சுப் பயிற்சியாளர் என்றால் இரண்டு வயதாகியும் பேசாத குழந்தைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். உதடு, நாக்கு, தொண்டை ஆகியவற்றின் இயக்கத்தைப் படித்தவர் அவர். பால் குடிக்கத் திணறும் குழந்தைக்கும் அவர்தான் வேண்டும். அவரை வாரத்தில் சில நாளாவது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரச் செய்ய புதிய கட்டடமோ கருவியோ தேவையில்லை, ஓர் உத்தரவு போதும். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு செவிலியரைப் பால் ஊட்டலுக்கென்றே ஒதுக்க வேண்டும். தாய்க்குக் குழந்தையின் பக்கத்திலேயே சாய்வு நாற்காலியும் கட்டிலும் தர வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது எடை பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு வேளை பால் குடிப்பதை முழுக்க இருந்து பார்க்கும்படி பயிற்சி தர வேண்டும்.

நவம்பர் 17 உலகக் குறைப்பிரசவ நாள். அன்றைக்கு உங்கள் நிருபரை ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். எத்தனை கிராம் என்று கேட்பதோடு, தாய் எங்கே படுக்கிறாள், ஒரு வேளைப் பாலுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் யார் கூட இருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
சிவகங்கை