கரும்புகையோடு பழுப்புப் புகையையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரக் காற்று மாசு பற்றிய உங்கள் சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் டீசல் வண்டிகளின் கரும்புகையை அடக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணத்தையே அது தருகிறது. பழுப்புக் கார்பன் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கரும்புகையில் இருக்கும் கருங்கார்பன் எல்லா நிற ஒளியையும் உறிஞ்சும். பழுப்புக் கார்பன் என்பது புகைத் துகள்களில் இருக்கும் கரிமச் சேர்மங்களின் கலவை. புற ஊதாவையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சிக்கொண்டு, சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். கரிமத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும், அதனால் பூமியைக் குளிர்விக்கும் என்றுதான் காலநிலைக் கணக்குகள் வெகுகாலம் வைத்திருந்தன. 2006-ல் ஆந்த்ரே, கெலன்சேர் என்ற விஞ்ஞானிகள் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகே, ஒளியை உறிஞ்சி வெப்பமூட்டும் பழுப்புக் கார்பன் மீது கவனம் கூடியது.

இது அதிகம் வருவது கொழுந்துவிட்டு எரியும் தீயிலிருந்து அல்ல, கனன்று புகையும் தீயிலிருந்து. ஈர விறகு, சருகுக் குவியல், குப்பை, அறுவடைக்குப் பின் கொளுத்தும் பயிர்த்தாள், வீட்டு அடுப்பில் போடும் நிலக்கரி. அதற்காக வாகனங்களை விட்டுவிட முடியாது. பெட்ரோல் ஆவியிலும் பெயின்டிலும் இருக்கும் டொலுயீன் போன்ற வேதிப்பொருள்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு காற்றிலேயே வினைபுரிந்து நைட்ரோ சேர்மங்களாகின்றன. அவற்றில் பல மஞ்சள் நிறம் கொண்டவை. ஆக, கண்ணுக்குப் புகையே தெரியாத வண்டிக்கும் இதில் பங்கு உண்டு! வெயில் பட்டால் இந்த நிறம் மெல்ல வெளுத்துவிடும் என்பது உண்மை. நிறம் போனாலும் துகள் போய்விடுவதில்லை.

நாம் தினமும் பார்க்கும் பிஎம் 2.5 எண், காற்றிலுள்ள நுண்துகள்களின் எடையை மட்டுமே சொல்கிறது. எரிந்தது டீசலா, விறகா என்று அதிலிருந்து தெரியாது. ஈத்தலோமீட்டர் என்ற கருவியால் ஓரளவு சொல்ல முடியும். இதில் பரவலாகப் பயன்படும் வகை 370 முதல் 950 நானோமீட்டர் வரை ஏழு அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலை அளக்கிறது. கருங்கார்பனைக் கணக்கிட வழக்கமாக எடுத்துக்கொள்வது 880-ஐ. 370-ல் கருங்கார்பனால் விளக்க முடியாத அளவுக்கு உறிஞ்சல் கூடியிருந்தால், அங்கே பழுப்புக் கார்பன் இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கணிப்பில் சில அனுமானங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் எந்தப் புகையை முதலில் நிறுத்துவது என்று முடிவெடுக்க, வெறும் எடையைவிட இது உதவும்.

இந்தக் கருவி உள்ள கண்காணிப்பு நிலையங்கள் ஏழு அளவுகளையும் பொதுவில் வெளியிட வேண்டும். அடுத்த கட்டுரையில் இதைக் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்