ஆற்று இறால் வாங்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

போன ஞாயிறு கடையில் ஒரு அம்மா, "பெரிய இறாலா போடுங்க, சின்னதுலதான் அழுக்கு" என்றார். பக்கத்தில் நின்றவரோ, பெரியதில்தான் குடல் தடிமன், கிருமியும் அதிகம் என்றார். கூட்டத்தில் நின்று பேச முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

இறாலின் அளவை வைத்துக் கறி எவ்வளவு தேறும் என்று சொல்லலாம். சுத்தமானதா என்று சொல்ல முடியாது. நெற்றிக் கொம்பின் முனையிலிருந்து வால் நுனி வரை அளந்தால், நன்றாக வளர்ந்த ஆண் இறால் 30 செ.மீ. தாண்டும்; பெண் 25 செ.மீ. வரை வரும். நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிவிடும். ஆனால் நீலக்கால் ஆணுக்கு, அதாவது நீல நிறத்தில் நீண்ட இடுக்கிக் கால்கள் உள்ள முதிர்ந்த ஆணுக்கு, தலையும் அந்த இடுக்கிக் கால்களும்தான் பெரிது, வால் கறி அந்த அளவுக்கு இருக்காது. குழம்புக்கு நடுத்தர இறாலே லாபம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

முதுகில் ஓடும் கருப்புக் கோட்டை நரம்பு என்கிறோம். உண்மையில் அது குடல். வளர்ப்புக் குளத்தில் இறால் அடியில் கிடப்பதையெல்லாம் தின்னும். அந்தச் சேற்றில் உள்ள பாக்டீரியா சின்னது, பெரியது என்று பார்க்காமல் எல்லா இறாலின் குடலுக்குள்ளும் போகும். ஈ.கோலை என்ற பாக்டீரியா மனிதர், மாடு, கோழி போன்றவற்றின் குடலில் வாழ்வது. இறாலில் அது இருந்தால், குளத்தில் சாணமோ கழிவுநீரோ கலந்திருக்கிறது, அல்லது பிடித்த பிறகு யாரோ அழுக்குக் கையால், அழுக்குத் தண்ணீரால் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதனால் சாணமும் கோழி எருவும் கொட்டும் குளங்களில் நாங்கள் வாங்குவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற மாதம் தலையோடு ஐஸில் வைத்து மறுநாள் கொடுத்த இறால் சிலருக்கு மாவுபோலக் குழைந்துவிட்டது. தவறு எங்களுடையது. தலைக்குள் இருக்கும் மஞ்சள் நிறச் சுரப்பியின் செரிமானச் சாறு, இறால் செத்த பிறகு வால் கறிக்குள் இறங்கி அதைக் கரைக்கத் தொடங்கும். முதலில் கெடுவது தலையை ஒட்டிய கறிதான். இனி அன்றே விற்காத இறாலைத் தலை எடுத்துக் கழுவி, அப்புறம்தான் ஐஸில் வைப்போம்.

வீட்டில் முதுகைக் கீறிக் குடலை முழுசாக உருவி எடுங்கள். நடுவில் அறுந்தால் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். மஞ்சளும் எலுமிச்சையும் வாடையைக் குறைக்கும். கிருமியைக் கொல்ல அவற்றை நம்ப வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்தாலும் கிருமி சாகாது, பெருகுவதுதான் குறையும். அடுப்புச் சூடுதான் கொல்லும். கறி நடுவில் கண்ணாடிபோலத் தெரிந்தால் இன்னும் வேகவில்லை. முழுக்க வெள்ளையானதும் இறக்குங்கள். இறால் அரிந்த பலகையில் கழுவாமல் வெங்காயம், வெள்ளரி நறுக்காதீர்கள்.

தலையோடு வேண்டுமென்பவர்கள் காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து, உங்கள் கண் முன்னே எடுத்துத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் மீன்கடையினர்